காலி வண்டியில் யாரும் இல்லை

அதற்கு வேகத்தடை என்று பெயர் வைத்தவர்கள் அந்த பிக்கப் வண்டியைப் பார்த்ததில்லை. அந்த வண்டிக்கு அது ஏவுதளம்!

முதுகு நிறையக் கல் பலகை ஏற்றினால் பட்டத்து யானை மாதிரி அசைந்து அசைந்து போகும். பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதோ... அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. அன்று மதியம் ஸ்பிரிங் கடை வாசலில் அதன் பின்பக்கம் எழும்பிய எழும்பலில், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை ‘நமக்கும் மேலே யாரது?’ என்று அண்ணாந்து பார்த்தது.

பலகைகளுக்கு நடுவே செருகும் மரக்கட்டை ஒன்று வண்டியிலிருந்து பறந்தது. பறந்து வந்து, கடைக்காரன் வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை லட்சணமாகத் தட்டிவிட்டது. கோப்பை தரையில்... தேநீர் சட்டையில்.

வண்டி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள் அவள். கல் பட்டறையில் எல்லோரும் அவளைக் ‘கல்லுக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இமைகளில் வெள்ளையாய்ப் படிந்திருந்த கல் தூசியை அது துளித் துளியாகக் கழுவ... உள்ளேயிருந்து இரண்டு கண்கள் வெளியே வந்தன.

அவன் திட்டுவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

“சூடு பட்டுடுச்சா?” என்றாள்.

“வண்டி ஓட்டுறீங்களா, கங்காரு மேய்க்கிறீங்களா?”

“ஸ்பிரிங் கடை வாசல்ல வேகத்தடை போட்டு வச்சிருக்கீங்களே... ஆள் பிடிக்கவா?”

“அது அரசாங்கம் போட்டது, மேடம்.”

“மேடம் எல்லாம் வேண்டாம். மேடம்னு சொன்னாலே பில்லு ஏறும்.”

அவன் சிரித்துவிட்டான். அங்கே விழுந்தவன்தான்... இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பின் சக்கரங்களில் காற்று எவ்வளவு என்று அளந்தான். முழுப் பாரத்துக்கு வேண்டிய காற்று, காலி வண்டியிலும் அப்படியே கல்லாக நின்றது. அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகளோ கொஞ்சம்கூட வளையவில்லை.

“முதுகுல ஒண்ணும் இல்லாதப்பவும் மலையைத் தூக்குற மாதிரியே விறைச்சுக்கிட்டு நிக்குது உங்க வண்டி” என்றான். “எறக்கி வைக்கவே தெரியல அதுக்கு.”

அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். ‘என்னைச் சொல்றானா, வண்டியைச் சொல்றானா?’

“காலியா திரும்பும்போது கூட யாராவது வருவாங்களா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான்! அதற்கு அவள் ஒரு நிஜம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே அன்று மாலைக்குள் முடிந்திருக்கும்.

அம்மா வருவாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்து, மறுபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்த அம்மா. செவ்வாய்தோறும் கல் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அம்மாவை நடைப்பயிற்சி நிலையத்தில் விட்டுவிட்டு, கடைசிப் பாரத்தை இறக்கியதும் காலி வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். போகும்போது முதுகில் கல் இருக்கும், வண்டி மெத்தை. வரும்போதுதான் பாடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்... வலியைக்கூட எண்ணிக்கொண்டே வருவாளே தவிர வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

ஆனால் அதைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். பட்டறையில் தெரிந்தபோது அப்படித்தான் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டிய கையோடு நல்ல பாரத்தை எல்லாம் வேறு வண்டிக்கு மாற்றினார்கள். போதும், போதும் என்று ஆகியிருந்தது அவளுக்கு.

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

அவனுக்கு அந்தக் கணமே வேலை தெரிந்துவிட்டது. ஒரு பட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் காற்றுப் பை வைக்க வேண்டும். பாரம் ஏற்றினால் பையில் காற்றை ஏற்றிக்கொள்ளலாம், இறக்கினால் இறக்கிவிடலாம். சக்கரத்துக்கும் அதே கணக்கு. தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும். மொத்தமும் ஒரு மத்தியான வேலை.

ஆனால் தூறல் நின்றபாடில்லை... அந்தக் கண்கள் வேறு அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கொஞ்சம் பெரிய வேலை” என்றான். “ஒவ்வொண்ணா பார்க்கணும். அடுத்த செவ்வாய் வாங்களேன்...”

பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன முதல் பொய் அது. காது நுனி சிவந்தது; இரவாக இருந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் தெருவிளக்கே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த செவ்வாய் ஸ்பிரிங்குக்கு மசகு தடவினான். அதற்கடுத்த செவ்வாய் ரப்பர் புஷ் மாற்றினான். பிறகு ஷாக் அப்சார்பர்... இடதுபக்கம் ஒரு வாரம், வலதுபக்கம் ஒரு வாரம்! உலகத்தில் எந்த மெக்கானிக்கும் ஷாக் அப்சார்பரைத் தவணையில் மாற்றியதில்லை.

“இப்போ எப்படி இருக்கு?”

“கொஞ்சம் பரவாயில்ல... ஆனா இன்னும் தூக்குது.”

“அப்போ அடுத்த வாரமும் பார்த்துடுவோம்.”

“பார்த்துக்கிட்டே இருங்க. வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போற வரைக்கும்.”

அவள் வந்தால் துடைத்துவைத்த ஸ்டூல் ஒன்று தயாராக இருக்கும். தேநீர் இரண்டாக வரும். அந்த மரக்கட்டையை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை. “என் கோப்பையை உடைச்ச குற்றவாளி, காவல்ல இருக்கு” என்பான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு மணியைப் பார்ப்பாள். ‘அம்மா காத்திருப்பாள்...’ என்று மனதுக்குள் நினைத்தபடி எழுந்துபோவாள்.

அம்மாவோ, வண்டியில் ஏறும்போதெல்லாம் கேட்பாள். “ஏண்டி, ரிப்பேர் பார்க்குறாங்கன்னியே... வண்டியைப் பார்க்குறாங்களா, உன்னைப் பார்க்குறாங்களா?”

“அம்மா!”

“இல்ல, தூக்கிப் போடுறது அப்படியே இருக்கு. நீ மட்டும்தான் சிரிச்ச முகமா வர்ற.”

அதன் பிறகு ஒரு செவ்வாய், செருப்பைப் போடச் சொன்னபோது அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“இனிமே நான் வரலடி. போகும்போது சேர்த்த தெம்பெல்லாம் வரும்போது கொட்டிப் போயிடுது. வரவும் செலவும் நேராயிடுச்சு.”

கெஞ்சிப் பார்த்தாள். டாக்சி கூப்பிடுகிறேன் என்றாள். அம்மா அசையவில்லை. டாக்டர் பிறகு ஒரு நாள் அமைதியாகத்தான் சொன்னார்: கால் திரும்பப் பழகும் காலம் ஒன்று உண்டு, அது போய்விட்டது. இனி நான்கு கால் ஊன்றுகோல் கூடவே இருக்கும்.

அதன் பிறகு கல்லுக்காரி அந்தத் தெருவழியே வண்டி ஓட்டவில்லை.

அவன் காத்திருந்தான். செவ்வாய்க்கிழமைகள் வந்தன, போயின. இரண்டு தேநீரையும் அவனே குடித்தான். வேகத்தடையில் எந்த வண்டி ஏறினாலும் கழுத்து தானாகத் திரும்பியது... திரும்பித் திரும்பி அவன் கழுத்துக்கே மசகு தடவ வேண்டிய நிலை.

கடைசியில் மரக்கட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, பட்டறையில் விலாசம் கேட்டு, அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

கதவு திறப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஊன்றுகோலின் சத்தம் வந்தது. டக்... டக்... அப்புறம் நீண்ட இடைவெளி. மறுபடி டக். கதவு திறக்க அவ்வளவு நேரமா என்று முதலில் தோன்றியது. திறந்ததும் அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான்.

“யாரு தம்பி?”

“ஸ்பிரிங் கடைங்க. வண்டி... காலியா வரும்போது தூக்கும்னு...”

“ஓ, அந்த ரிப்பேர்காரரா!” அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். “காலி வண்டின்னா சொன்னா? அப்போ செவ்வாய்க்கிழமை அவ பக்கத்துல உட்கார்ந்து வந்தேனே... நானும் அந்தக் காலியிலதான் சேர்த்தியா?”

அவன் கையிலிருந்த மரக்கட்டை மலையாகக் கனத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காற்றுப் பைகளோடும் கருவிகளோடும் வந்தான். வாசலிலேயே படுத்து வேலை பார்த்தான். பட்டையைக் கழற்றினான், காற்றுப் பை பொருத்தினான், சக்கரக் காற்றை அளந்து இறக்கினான். சிரிப்பில்லை, கேலியில்லை. அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஒரு சுத்து போய்ப் பார்க்கலாமா? அம்மாவும் வரட்டும்” என்றான்.

மூவரும் ஏறினார்கள். நடுவில் அம்மா. தூறல் ஆரம்பித்தது. ஸ்பிரிங் கடை வாசல்... அதே வேகத்தடை. வண்டி ஓட்டிய கல்லுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஏறியது. இறங்கியது. தூங்கும் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல... அவ்வளவுதான்.

அம்மா திரும்பி அந்த வேகத்தடையைப் பார்த்தாள். பிறகு கணக்கு டீச்சர் கேட்டாள்: “இது எத்தனை நேர வேலை தம்பி?”

‘பெரிய வேலைம்மா’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அவளும் கிடைத்திருப்பாள்.

“ஒரு மத்தியானம்மா.”

பிரேக் விழுந்தது.

“முதல் நாளே தெரியுமா?” அவள் குரல் கல் அறுக்கும் இயந்திரம் மாதிரி இருந்தது.

“தெரியும். முடிச்சுக் குடுத்துட்டா... நீங்க மறுபடி வரமாட்டீங்களேன்னு. அம்மா இருக்காங்கன்னு சத்தியமா தெரியாதுங்க.”

“எறங்குங்க.”

இறங்கினான். தூறல் மழையாகியிருந்தது. நனைந்தபடி அங்கேயே நின்றான். வண்டி நகரவில்லை. வைப்பர் மட்டும் இல்லை... இல்லை... என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடி இறங்கியது. அவள் முன்னாலிருந்த சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

“யாரும் இல்லன்னு முதல் நாள் சொன்னது ரோஷத்துல. அப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். சொல்லல. அம்மா வர்றாங்கன்னு சொன்னா, அன்னைக்கே முடிச்சுக் குடுத்துடுவீங்க... அதுக்கப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு உங்க கடைக்கு வர்றது?”

மழைச் சத்தம்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தொடைமேல் கிடந்த கையால் முழங்காலை மெல்லத் தடவினாள்.

“ஆக, ரெண்டு பேரும் சேர்ந்து... என் காலை வச்சுக் காதலிச்சிருக்கீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கல்லுக்காரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். தட்டிக்கொடுக்கவில்லை, எடுக்கவுமில்லை.

“ஏறுங்க தம்பி” என்றாள் கடைசியில். “நனையுறீங்க. உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா, நடக்க முடியாத ரெண்டு பேரை இவ தூக்கணும்.”

ஏறினான். அம்மாவின் தலைக்கு மேலே இரண்டு ஜோடிக் கண்கள் சந்தித்தன. முதல் நாள் தூறலில் பார்த்த அதே கண்கள்தான்... ஆனால் இப்போது கழுவிக்கொண்டு போவதற்கு அவற்றில் தூசி இல்லை.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் அவள். “அதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு.”

“எனக்கும்” என்றான் அவன். “ரெண்டுமே.”

வீட்டுக்கு முந்திய தெருவில் இன்னொரு வேகத்தடை இருந்தது. வண்டி பூப்போல ஏறி இறங்கியது. அம்மா வெளியே மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டு பக்கமும் இருந்த இருவர் மட்டும், முன்பெல்லாம் அம்மா செய்ததுபோல, உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.