மேபலின் சீவிய உரித்து

கொடியில் கிடந்த துவாய் அவர்களுடையது அல்ல. நீலக்கரை போட்ட பழைய துவாய். யாரோ இப்போதுதான் முகம் துடைத்து, அலசி, கைபலமில்லாமல் பிழிந்து போட்டதுபோல அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேர்ணடெற் முற்றத்துப் படலையைப் பார்த்தாள். பூட்டியபடியே இருந்தது. மத்தியானம் திடீரென்று ஊரடங்கு போட்டிருந்தார்கள். துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் போன கணவன் ஒஸ்வால்ட் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்து கொஞ்ச நாள்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அவர்கள் இருந்ததெல்லாம் வாடகை அறைகள். எங்காவது குண்டு வெடித்தால் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து நிற்பார். மறுநாள் மூட்டை கட்டவேண்டும். இனி யாரும் எழுப்ப முடியாது என்றுதான் தாலிக்கொடியையும் விற்றாள்.

குசினிக்குள், அடுப்புப் பக்கம், வேப்பெண்ணெய் மணத்தது. முட்டு வலிக்கு வயதானவர்கள் தடவுகிற, உடம்புச்சூட்டில் புளித்த வேப்பெண்ணெய். அவள் வெளியே வந்து மதிலோரம் நின்று அடுத்த வீட்டை அழைத்தாள்.

"ஸமீமா ராத்தா, இந்தத் துவாய் உங்கடயோ?"

ஸமீமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். துவாயைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"அது மேபல் மிஸ்ஸுடயது, மகள். மிஸ் திரும்பி வந்திட்டாவா?"

"எந்த மேபல்?"

"வீட்டை வித்த ஹியூபேட்ட மாமி. உசிரோட ஈக்கும் வரைக்கும் பின்னறை அவக்கித்தான். அவட அண்ணன் சாகமுந்தி அப்பிடித்தான் சீவிய உரித்து எழுதி வெச்ச. வீட்டை ஆர் வாங்கினாலும் அவவ எழுப்ப ஏலா. ஹியூபேட் சொல்லல்லயா?"

"ராத்தா, இந்த வீட்டில பின்னறையே இல்லை."

ஸமீமா குசினிக்கு அப்பால் நீண்டிருந்த சுவரைப் பார்த்தாள். "அதில ஒரு ஜன்னல் ஈந்திச்சே," என்றாள் மெதுவாக.

தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. அவளுடைய தலை மதிலுக்குப் பின்னால் மறைந்தது.

பேர்ணடெற் உள்ளே வந்து குசினிக் கோடிச்சுவரில் கையை வைத்தாள். வெள்ளையடித்த புதுச்சுவர். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய லோயர் கேட்டது நினைவுக்கு வந்தது: "அறையளுக்க போய்ப் பாத்தனீங்களோ? ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே?" ஒஸ்வால்ட் சிரித்துக்கொண்டு, "வெறும் வீடு, சேர்" என்றான். அவளும் தலையாட்டினாள்.

தேங்காய் உடைக்கும் கத்தியால் சுவரைக் கொத்தினாள். சாந்து பாளம் பாளமாக உதிர்ந்து, அடியில் பலகைக் கதவொன்று தெரிந்தது. நாதாங்கியை இழுத்துத் தள்ளினாள். கதவு ஒரு கை அகலத்துக்கு மட்டும் திறந்தது.

உள்ளே ஒரு கட்டில். அதில் சுருண்டு காய்ந்துபோன ஒரு சின்ன உடம்பு. நரைத்த பின்னல். விரல் எலும்புகளில் சுற்றியிருந்த செபமாலை. கதவின் உட்பக்கமெங்கும் நகக்கீறல்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். அந்தப் பயத்துக்கு நடுவிலும் மனதின் ஒரு மூலை, வெட்கமில்லாமல், கணக்குப் பார்த்தது. செத்துவிட்டாள். செத்தவளுக்கு உரித்தில்லை. வீடு எங்களுடையது.

முற்றத்து விறாந்தையில் ஊன்றுகோல் தட்டியது.

டொக்.

நிறுத்தம். கால் ஒன்று நிலத்தில் இழுபட்டது. டொக்.

பேர்ணடெற் முன்கதவுக்கு ஓடித் திறந்தாள். தெருவில், அப்போது பிடித்திருந்த மழைக்குள் நின்ற சிப்பாய் துவக்கை உயர்த்தினான்.

"கெதரட்ட யன்ன!"

"மாத்தயா, உள்ள..." சிங்களம் வரவில்லை. தமிழும் வரவில்லை.

துவக்கின் முனை அசைந்தது. உள்ளே போ.

அவள் உள்ளே வந்தாள். வேப்பெண்ணெய் மணம். மிக அருகில். ஒஸ்வால்டின் சாய்மனைக் கதிரையில், முதுகு காட்டி, யாரோ இருந்தார்கள். நரைத்த பின்னல் கதிரைக்குப் பின்னால் தொங்கியது.

"கதவைச் சாத்து, பிள்ளை. குளிருது."

அவளுடைய கை சாத்தியது.

"வீடு வாங்கினனீங்களாம். நல்லது. நான் எழும்பச் சொல்லேல்லை." ஊன்றுகோல் மெல்ல உயர்ந்து குசினிப்பக்கம் நீண்டது. "உனக்கும் ஒரு அறை கிடக்கு."

கால்கள் நடந்தன. அவள் நடக்கவில்லை. குசினி. உதிர்ந்த சாந்து. பின்னறைக் கதவு இப்போது அகலத் திறந்திருந்தது. கட்டிலில் யாருமில்லை. தலையணையில் புதிதாய் ஒரு பள்ளம். விரிப்பின் ஒரு முனை, படுக்க வருகிறவளுக்காக, மடித்து விலக்கப்பட்டிருந்தது.