எண்ணெய்க் கறை படிந்த நகல்

சன்னலோரப் பெஞ்சின் இடக்கோடியில் பிரிசில்லா, படாளத்துப் பெண். வலக்கோடியில் கலைவாணன், மாமல்லபுரத்தில் ஜெராக்ஸும் இ-சேவையும் நடத்துபவன். நடுவில் அவளுடைய நனைந்த குடை. எதிர் மேசையில் சப்-இன்ஸ்பெக்டர் வசுமதி. செங்கல்பட்டு சைபர் கிரைம் அலுவலகத்தில் அன்று காலை இவ்வளவு பேர்தான். வெளியே மழை...

அவள் திரும்பினாள். அவன் திடுக்கிட்டான். இந்தக் கண்கள்...!

"இன்னா சார், அப்டி பாக்குறீங்க?"

"உங்கள... எங்கியோ பாத்துகீறேன்."

"ரொம்ப பழைய டயலாக்கு!"

அவன் கூச்சத்தோடு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். எண்ணெய் ஊறிய ஆதார் நகல். அதில் அதே கண்கள்!

"நேத்து பீச்சுல பஜ்ஜி வாங்கினேன். இதுலதான் மடிச்சுக் குடுத்தாங்க. போலீஸ்ல ஒப்படைக்கலாம்னு வந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. அவள் பெயரில் யாரோ நாலு சிம் வாங்கிப் பலரை ஏமாற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்கு விளக்கம் தராவிட்டால், கிடைத்த நர்ஸ் வேலை போய்விடும்.

"எந்தப் பாவி என் காப்பிய பஜ்ஜிக் கடையில போட்டான்?"

"நான்தாங்க..." அவன் தாளின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். "ஓரத்துல இந்தக் கறுப்புக் கோடு என் மெஷின் போடறது. எப்பவோ நீங்க என் கடையில எடுத்ததுதான். சரியா விழாத காப்பியெல்லாம் எடைக்குப் போட்டுகினு இருந்தேன். தப்புன்னு தோணவே இல்ல..."

அவள் குடையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புகார் ரசீது தரேம்மா," என்றார் வசுமதி. "ஆனா காப்பி எப்டி வெளிய போச்சுன்னு ஆஸ்பத்திரியில கேப்பாங்களே?"

கலைவாணன் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினான். அனுப்புநர், பெறுநர், பொருள்... வரிசை தவறாமல் ஆஸ்பத்திரிக்கு எழுதினான். 'தவறு முழுவதும் என்னுடையது. செல்வி பிரிசில்லாவுக்கு இதில் பங்கில்லை.' கீழே கையெழுத்து, பையில் வைத்திருந்த கடை முத்திரை.

எட்டிப் படித்தவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. யாரும் கேட்காமலே தன் தப்பை இப்படி எழுதித் தர எத்தனை பேருக்கு மனசு வரும்!

"இத்த அனுப்பினா உங்க லைசென்ஸு?"

"போனா போவட்டும். உங்க பேரு திரும்பி வரணும்."

தபால் நிலையம் வரை ஒரே குடை... அங்கே, கடிதத்தோடு வைக்கவேண்டிய புகார் ரசீதின் நகலில் அவன் குறுக்காக இரு கோடு போட்டு, நடுவே 'ஆஸ்பத்திரிக்கு மட்டும்' என்று எழுதினான்.

"இனிமே எந்தக் காப்பி குடுத்தாலும் இப்டி எழுதுங்க. வேற யாரும் தொட முடியாது. அப்புறம்... லெட்டர் போய்ச் சேந்துதான்னு கேக்கணுமே. உங்க நம்பரு..."

"எந்த நம்பரு? என் பேர்ல அஞ்சு கீது!"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரித்தபடி ஒரு துண்டுச்சீட்டில் எண்ணை எழுதினாள். குறுக்கே இரு கோடு. நடுவே, 'கலைவாணனுக்கு மட்டும்.'

அவன் படித்துவிட்டு நிமிர்ந்தான். "நம்பரு மட்டுமாங்க...?"

"இல்ல..." இமைகள் தாழ்ந்தன. "நானும்தான்."

சிவந்த முகத்தை மறைக்கக் குனிந்து, கடித உறைக்குப் பசை தடவி அழுத்தி ஒட்டினாள். இருவருமாக அதைத் தபால் சன்னலுக்குள் நீட்டினார்கள். உள்ளே முத்திரை விழுந்தது.