ஒன்பது உறைந்த சாட்சிகள்!

போன் அலறியது.

காலை ஏழு இருபது. டாக்டரம்மா வாயில் பற்பசை நுரையோடு எடுத்தாள்.

மனிதக் குரல் இல்லை. இயந்திரம்!

"தொட்டி ஒன்று... குளிர் குறைகிறது. தொட்டி ஒன்று... குளிர் குறைகிறது..."

நுரையை விழுங்கிவிட்டாள்.

தொட்டி ஒன்றில் இருப்பது ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜை. திரவ நைட்ரஜனில் உறைய வைத்தது. அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி.

பதினைந்தாவது நிமிடம் ஆய்வகத்தில் இருந்தாள். தொட்டி அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். வெண்புகை. தரையில் குப்புற...

"ஐஸண்ணே!"

தொட்டிகளைப் பார்த்துக் கொள்ளும் டெக்னீஷியன். பிராணவாயுவை விரட்டிவிட்டு நைட்ரஜன் நிறைந்த அறைக்குள் ஓடினால் அவளும் விழுவாள். காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டும். இரண்டு நிமிடம்.

நின்றாள். சுவரைக் குத்திக்கொண்டே நின்றாள்.

உள்ளே போனபோது அவரிடம் மூச்சில்லை.

சுற்றிலும் நூற்றுக்கணக்கில் குப்பிகள். எல்லாம் உருகிக் கிடந்தன. குழந்தைகளின் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. எண் மட்டும்தான். எண்ணுக்குக் கீழே ஐஸண்ணன் ஒரு செல்லப் பெயர் கிறுக்கி வைப்பார்.

பொக்கைவாய். வாயாடி. அடம்.

அந்த மூன்று குழந்தைகளுமே இப்போது உயிரோடு இல்லை.

மணி பத்து.

"விபத்துங்க," என்றார் துறைத் தலைவர். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. "விசிறி போடாம தொட்டியை நிரப்பியிருக்கான். பாவம்."

இன்ஸ்பெக்டர் தும்மினார். "நிரப்ப வந்தவர் உள்ள இருந்ததை ஏன் சார் வெளிய கொட்டினாரு?"

"சுத்தம் பண்ணியிருப்பான்."

"பொய்!" டாக்டரம்மா கத்தினாள். "நேத்து உங்க ரூம்ல நின்னு என்ன சொன்னேன்? உங்க புது மருந்து முதல் புற்றைக் கொல்லுது... ரெண்டே வருஷத்துல வேற புற்றை முளைக்க வைக்குது! செத்துப்போன ஒன்பது பிள்ளைங்க மஜ்ஜையிலயும் தடம் இருக்கு. நிறுத்துங்கன்னு கெஞ்சினேனா இல்லையா?"

"ஆதாரம் எங்கம்மா?"

"அதோ, தரையில ஓடுது!"

"அப்போ இல்லைன்னு சொல்லு." புன்னகைத்தார். "திங்கட்கிழமை நாற்பது குழந்தைங்களுக்கு மருந்து ஏத்தணும். போய் முகத்தைக் கழுவு."

அவள் நகரவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார், ஐஸண்ணன் விரலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒரு கீறல் இல்ல."

"தொட்டியில இருந்து குப்பித் தட்டுகளைத் தூக்கணும்னா தடிமனான கையுறை வேணும். அது பீரோவுல பூட்டியிருக்கு. சாவி அவர் பையில."

"இருந்தது. இப்ப என்கிட்ட."

"மெல்லிசு ரப்பர் கையுறையோட தொட்டா, உலோகம் தோலைக் கவ்விக்கும். சுட்ட மாதிரி கொப்புளிக்கும். இங்க வேலை செய்யற யாரும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க." தலைவர் பக்கம் திரும்பினாள். "இருபது வருஷமா எல்லாக் கட்டுரையிலயும் முதல் பேர் உங்களது. ஒரு நாளாவது ஒரு தட்டைத் தூக்கியிருக்கீங்களா? நீங்க குப்பிகளைக் கொட்டறதை ஏழு மணிக்கு ஐஸண்ணன் வந்து பார்த்துட்டார். விசிறியை நிறுத்தி, கதவை வெளியில தாழ் போட்டு, அவர் அடங்கினதும் தாழை எடுத்து விட்டீங்க! எடுங்கய்யா கையை வெளிய!"

கை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

விரல் நுனிகளில் ஐந்து கொப்புளங்கள்!

தலைவரின் முகம் வெளிறியது. பிறகு சிரித்தார்.

"என்னை உள்ள தள்ளு. மருந்து நிக்காது! ஒவ்வொரு குழந்தைக்கும் அதே மஜ்ஜையோட ஒரு மாற்றுக் குப்பி உண்டு. செத்தா அதை அழிச்சிடணும்னு உத்தரவு போட்டதே நான்தான். ஒன்பதையும் அழிச்சாச்சு. பதிவேட்டுல உங்க ஐஸண்ணன் கையெழுத்தே இருக்கு!"

உண்மை. டாக்டரம்மாவின் தோள் சரிந்தது.

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தை ஆட்டினார். "டாக்டரம்மா... இதுல இன்னொண்ணு தொங்குது. 'எலி'ன்னு எழுதியிருக்கு."

"சோதனை எலிகளோட பழைய தொட்டி. காலியாகி மூணு வருஷமாச்சு. ஐஸண்ணன் மட்டும் வாராவாரம் அதுக்கும் நைட்ரஜன் ஊத்துவார். காலித் தொட்டிக்கு ஏண்ணேன்னு கேட்டா, சிரிச்சு மழுப்பிடு..."

நின்றாள்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கையுறை மாட்டினாள். மூடியைத் திறந்தாள். புகை விலகியது. ஒரே ஒரு தட்டு. அதில் ஒன்பது குப்பிகள், கல்லாய் உறைந்து.

பொக்கைவாய். வாயாடி. அடம்...

மூடியின் உட்புறம் ஒரு சீட்டு. 'தூக்கிப் போட மனசு வரல டாக்டரம்மா. திட்டாதீங்க.'

அவள் திட்டவில்லை. தட்டை அணைத்தபடி வெளியே வந்தாள்.

"எலித் தொட்டிலயா?" தலைவர் அலறினார்.

"திங்கட்கிழமை எந்தக் குழந்தைக்கும் ஊசி இல்ல," என்றாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார், கொப்புளத்தில் உரசும்படியாக.

"வாங்க சார். சைரன் வெச்ச எலிப்பொறி கீழ ரெடியா நிக்குது!"