மூலையில் ஒரு விரல் இடுக்கு

“என்னங்க இது... சூயிங்கமா?”

கண்ணாடிக் கடைக்காரி அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். காதல் கதைக்கு இது நல்ல ஆரம்பம் இல்லை. என்ன செய்வது... அவள் அப்படித்தான் பேசுவாள்.

மேஜை மேல் அவன் வைத்தது ரோஸ் நிற மெழுகுப் பட்டை. அவனுக்குத் தொழில் பல் செட் செய்வது. வீட்டிலிருக்கும் மீன் தொட்டிக்கு ஒரு மூடி வேண்டுமென்று, பல் அச்சு செய்கிற மெழுகில் அளவெடுத்து வந்திருந்தான்.

“மெழுகுங்க. கைக்கு வேற எதுவும் கிடைக்கல. இந்தக் கீறல்லேர்ந்து அந்தக் கீறல் வரைக்கும்...”

“வெயில்லயா நடந்து வந்தீங்க?”

“ஆமா.”

“அப்ப வர்ற வழியில உங்க தொட்டி அரை இஞ்ச் வளந்திருக்கும்!”

அவன் சிரித்துவிட்டான். பொய் சொல்லக் கூடாது, அவன் அழகன் இல்லை. முன்வழுக்கை எட்டிப் பார்க்கிற வயசு. நகக்கண்ணில் எல்லாம் ரோஸ் பசை. ஆனால் சிரித்தபோது கண் முதலில் சிரித்தது, வாய் அப்புறம்தான் சிரித்தது. முக்கால்வாசிப் பேருக்கு வாய் மட்டும்தான் சிரிக்கும். அவள் அதைக் கவனித்துவிட்டாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டாள்.

“வாங்க. நானே வந்து அளக்கறேன்.”

கடையின் உள்பக்கம் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் அப்பா. கண்ணில் புரை விழுந்ததால் கண்ணாடி வெட்டுகிற கட்டரைக் கீழே வைத்துவிட்டவர். பல் செட்டை வாயில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்திருப்பவர்.

“பாப்பா... முன்பணம் வாங்கிட்டுப் போ. மீன் வளக்கறவன நம்பாத. வேலவெட்டி இல்லாதவன்தான் மீன் வளப்பான்.”

“பல்லு கட்டறதும் வேலைதாங்க ஐயா.”

“பல்லா? அத விட மோசம்!” என்றார் அவர், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

*

அடுத்த தெருவில் முதல் மாடி. அவன் தங்கியிருக்கும் அக்கா வீடு. முன்னறையில் மூன்றடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன்.

நீல மை தடவிய மாதிரி உடம்பு. துடுப்பு ஓரத்தில் நெருப்புக் கோடு. தலை பாம்புத் தலை. விரால் சாதிதான், ஆனால் எங்கோ மலை ஓடையில் பிறந்தது. ஒரு சாண் நீளம்தான். அதன் கர்வமோ ஒரு முழம்.

“தனியா விட்டிருக்கீங்களே... பாவம்.”

“பாவமா? துணைக்கு நாலு மீன் விட்டேன். காலைல பாத்தா நாலும் இல்ல. இவரு மட்டும் ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருந்தாரு. அதான் பேரு தொரை.”

“தொரைக்கு எதுக்கு மூடி?”

“எகிறிக் குதிக்கும். போன வாரம் அக்கா செருப்புக்குள்ள கிடந்தது.”

அவள் தொட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து டேப்பைப் பிடித்தாள். இந்தப் பக்கம் அவன். நடுவில் தண்ணீர். தண்ணீர் வழியாகப் பார்த்தால் எந்தக் கண்ணும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். அவள் கண்ணோ ஏற்கெனவே பெரிசு... அவன் அளவைக் குறிக்க மறந்தான். தொரை இருவருக்கும் நடுவில் வந்து நின்று, ‘என் வீட்டுக்குள்ள என்ன பார்வை’ என்பதுபோல் வாயைத் திறந்து காட்டியது. உள்ளே ஊசி ஊசியாகப் பல்.

“இதுக்கும் நீங்கதான் கட்டினீங்களா?”

“இல்லைங்க, ஒரிஜினல்.” பிறகு கொஞ்சம் தீவிரமாகச் சொன்னான். “ஒரு விஷயம்... மூலைல ஒரு விரல் இடுக்கு விடுங்க. கட்டாயம்.”

அவள் முகம் மாறியது. “எங்க கடையில இடுக்கு விட்டு வெட்டறதில்ல.”

“பல் செட்லகூட இடுக்கு வேணுங்க. இல்லன்னா ஈறு புண்ணாயிடும்.”

“இது பல்லு இல்ல. கண்ணாடி.”

எதற்கு இடுக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. பொம்பளை வெட்டிய கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஓரம் பார்க்காத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. அப்பாவே பார்ப்பார். கடையை அவள் கையில் கொடுத்தபோது அவர் ஒன்று சொன்னார். “ஒரே ஒரு குத்தம் வரட்டும்... கடைய மூடிட்டுப் பூட்டைத் தொங்க விட்ருவேன்.” சொன்னால் செய்கிற மனுஷன். மூன்று வருஷமாக ஒரு குற்றமும் வரவில்லை. அவள் மூடியில் மயிர் நுழையாது.

*

இரண்டு நாள் கழித்து, மதியம் மூடியை எடுத்துக்கொண்டு போனாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். அக்கா கதவைத் திறந்துவிட்டு மொட்டை மாடியில் துணி எடுக்க ஓடினாள், வானம் கறுத்திருந்தது.

தொட்டியில் தண்ணீர் நாலு விரல் குறைவாக இருந்தது. கண்ணாடிக்காரிக்குத் தெரியும், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று நின்றால் ஆவி படியும். ஆவி படிந்தால் கண்ணாடி மங்கும். நல்ல கண்ணாடி மங்கக் கூடாது. பக்கத்து வாளியில் தொட்டிக்கென்று பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. குவளை குவளையாக மொண்டு ஊற்றினாள். தொட்டி உள்விளிம்பில் மூடியை மெல்ல இறக்கினாள். கடைசிக் குமிழியையும் விரலால் தட்டித் துரத்தினாள்.

அடடா... மூடி இருப்பதே தெரியவில்லை. பிடி மட்டும் பாக்கி. அதை நாளைக்கு வந்து ஒட்டலாம்.

கிளம்பும்போது தொரை மேலே வந்து மூக்கால் மூடியைத் தட்டியது. டொக்... டொக்.

“பிடிச்சிருக்கா?” என்று சிரித்துவிட்டு இறங்கினாள்.

கடைக்கு வந்து ஒருமணி நேரம் இருக்கும். போன் அடித்தது. அவன்தான்.

“மூடி வச்சாச்சுங்களா?”

“வச்சாச்சு. தண்ணியும் ரொப்பிட்டேன். ஒரு பொட்டுக் காத்து இல்ல!”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

“ஹலோ...?”

“ஐயோ... அது காத்துக் குடிக்கிற மீனுங்க! மேல வந்து மூச்சு விடலன்னா மூழ்கிச் செத்துடும்!”

“மீன் எங்கயாச்சும் மூழ்குமா?” என்று சிரித்தவள்... நிறுத்தினாள்.

டொக்... டொக்.

அது நன்றி சொல்லவில்லை. கதவைத் தட்டியது.

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அப்போது பார்த்து மழை பிடித்தது. காதல் என்றால் மழை வந்தே ஆகவேண்டும் என்று சட்டமா என்ன... ஆனாலும் வந்தது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது; அக்காவைக் காணோம்.

தொரை அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் லேசாக... லேசாக.

மூடியைத் தூக்கினாள். வரவில்லை. நகம் நுழைய இடமில்லை. ஒட்டு டேப்பை ஒட்டி இழுத்தாள். தண்ணீர் மூடியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. டேப் பிய்ந்தது. சுத்தியலால் அடித்தால் சில்லு உள்ளே கொட்டும். மீன் வாயில் போகும்.

தான் செய்த வேலை எவ்வளவு சுத்தம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் கை நடுங்கும். அதனால் அழவில்லை.

இடுப்புப் பையிலிருந்து கட்டரை எடுத்தாள். முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்தாள். குறுக்கே ஒரே இழுப்பு. சர்ர்... அந்தச் சின்ன மூலை மேல் டேப்பை ஒட்டி, நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரலால் அழுத்தினாள்.

டக்.

முக்கோணத் துண்டு டேப்போடு மேலே வந்தது. ஒரு பொடி உள்ளே விழவில்லை. விரலில்தான் ரத்தம்.

“தொரை... வாங்க தொரை... இங்க இருக்கு வழி... உங்க கால்ல விழறேன், வாங்க...”

கதவோரம் காலடிச் சத்தம். அவன் சொட்டச் சொட்ட நின்றான். பக்கத்தில் வந்து மண்டியிட்டு, இடுக்கில் விரலை விட்டு மூடியைத் தூக்கி எடுத்தான். இரண்டு கையாலும் மீனை ஏந்தி, வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி பிடித்தான். பல் அச்சைப் பிடிக்கிற கை. நடுங்கவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மழைச் சத்தம் மட்டும்...

‘ப்ளக்!’

தொரை ஒரு வாய்க் காற்றை விழுங்கியது. வால் அடித்தது. அவன் கையிலேயே ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போனது.

“நன்றி கெட்டவன்” என்றான் அவன். சிரித்தான். கண் முதலில்.

“என்னைத் திட்டுங்க” என்றாள் அவள்.

“விரல்ல ரத்தம் வருது.”

“திட்டுங்கன்னு சொல்றேன்ல!”

“கைய நீட்டுங்க மொதல்ல.”

பஞ்சு வைத்துக் கட்டினான். வாங்கிய முன்பணத்தைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் அவள் மழையிலேயே போய்விட்டாள்.

*

அதன்பிறகு அவன் கடைக்கு மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் அவள் கண்ணாடி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்பாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டு. சொல்லாவிட்டால் ராத்தூக்கம் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். திட்டாமல் விட்டானே, பாவி... அதுதான் உள்ளே குத்தியது.

நாலாவது தடவை அவன் வந்தபோது அப்பாவே வழியை மறித்தார்.

“என்னய்யா, தினம் வர்ற? மூடியில எதாச்சும் குறையா?”

“குறை ஒன்னும் இல்லைங்க ஐயா. நல்ல மூடி.”

அடுக்குக்குப் பின்னால் அவளுக்கு மூச்சு நின்றது. பொய். அவளுக்காகச் சொன்ன பொய். அவன் பொய்யில் தப்பித்துக் கட்டரைப் பிடித்தால் அந்தக் கை இனி நேராகக் கோடு இழுக்குமா?

வெளியே வந்தாள்.

“குறை இருக்குப்பா. அவரு இடுக்கு கேட்டாரு. நான் வீம்புக்கு விடல. தண்ணிய வேற ரொப்பினேன். மீன் சாகப் பாத்துச்சு. நான்தான் மூலைய உடைச்சேன். குத்தம் என்னுது... பூட்டறதுன்னா பூட்டிக்கோங்க.”

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தான். பல் செட் வைக்கிற டப்பா.

“பல்லா? எனக்கு வேணாம், எடு.”

“திறந்து பாருங்க ஐயா.”

உள்ளே பஞ்சு மேல் அந்த முக்கோணத் துண்டு. அவர் எடுத்தார். மங்கலான கண்ணை அவர் நம்பவில்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். ஒருமுறை... மறுமுறை.

“இத எங்க வச்சு வெட்டுன?”

“தொட்டி மேலயே... தண்ணிக்கு மேல.”

“ஈரக் கண்ணாடியா?”

“ஆமாப்பா.”

“எத்தன இழுப்பு?”

“ஒன்னு.”

அவர் மறுபடியும் ஓரத்தைத் தடவினார். “நாப்பது வருஷத்துல...” என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கினார். “உள்ள சில்லு விழுந்துச்சா?” என்று அவனிடம் கேட்டார்.

“ஒரு பொடி இல்லைங்க. வீம்பு பண்றவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். தான் செஞ்ச வேலையத் தானே உடைக்கிறவங்கள இப்பதான் பாக்கறேன். அந்தத் துண்டக் கும்பிட்டு வச்சிருக்கேன் ஐயா.”

அப்பா துண்டை டப்பாவில் திரும்ப வைத்தார். பிறகு சட்டைப் பையில் கை விட்டார். சாவியாக இருக்கும், பூட்டப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் எடுத்தது பல் செட்டை. அவன் கையில் வைத்தார்.

“மேல இடது பக்கம் இடிக்குது. எந்தப் பாவி செஞ்சானோ, அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு பையில போட்டு வச்சிருக்கேன். நீ பாரு. கெடுத்தீன்னா தொலைச்சிருவேன்.”

அந்த மனுஷன் தன் வாயில் வைக்கிறதை இன்னொருத்தன் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே தூறல். கூரைக்குக் கீழே இருவரும் வந்து நின்றார்கள்.

“அன்னிக்கு... திட்டாம இருந்தீங்களே. அதுக்கு நன்றி” என்றாள், கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு.

“ஓடி வந்தீங்களே. அதுக்கு நான் சொல்லணும்.”

“புது மூடி வெட்டித் தரேன். முழுசா...”

“வேணாம். அந்த மூலையிலதான் தொரை மூச்சு விடுது.” கொஞ்சம் நிறுத்தினான். காது சிவந்துவிட்டது. “எனக்கும் உங்க கடை வாசல்ல வந்து நின்னாதாங்க மூச்சு வருது. நாலு நாளா வேற வேலையே ஓடல. பிடிக்கலன்னா சொல்லிடுங்க. போயிடறேன்...”

அவள் தூறலைப் பார்த்தாள். அவன் நகக்கண்ணில் இருந்த ரோஸ் பசையைப் பார்த்தாள். பிறகு, தண்ணீர் நடுவில் இல்லாமலே, அவன் கண்ணைப் பார்த்தாள்.

“மூடிக்குப் பிடி ஒட்டல இன்னும். நாளைக்கு வரேன்.”

“வாங்க...”

“பசை காய ஒரு நாள் ஆகும்.”

“காயற வரைக்கும் இருப்பீங்களா?”

“காஞ்சதுக்கு அப்புறமும் இருக்கேன்” என்றாள்.