தாழ்ப்பாளின் சூடு

நவம்பர் குளிரில் அந்த இரும்புத் தாழ்ப்பாள் சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்த மாதிரி ஒரு சூடு. எனிட் கையை உதறிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்து மரக்கதவு முழுக்கப் பாசி படிந்திருந்தது. தாழ்ப்பாள் மட்டும் தேய்ந்து, தினமும் துலக்கிய கரண்டிபோல மினுங்கியது.

சுற்றுலாக் குழுவில் முன்னால் போன ஏழு பேரும் அதைக் கவனிக்கவில்லை. காலையில் இடிந்த மடாலயம், மதியம் பழைய தானியக் களஞ்சியம் என்று சுற்றிவிட்டு, கால் வலியோடு தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். எனிட்டும் அவர்களில் ஒருத்தியாகச் சீட்டு வாங்கி, கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன் மகளைப் புதைத்த ஊர் இது. சொந்த முகத்தோடு வர அவளுக்குத் தைரியமில்லை.

காரணம், சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்த வழிகாட்டி மியூரியல். அன்றைக்கு இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு குழிக்குத்தான் இடம் மிச்சம். மியூரியலின் கணவன் கிளெமென்ட் இறந்த அதே வாரம், எனிட்டின் ஏழு வயது டாம்சினும் காய்ச்சலில் போய்விட்டாள். எனிட் பாதிரியாரிடம் அழுதாள், ஆயருக்குக் கடிதம் எழுதினாள், என் பிள்ளையை நெருப்பில் போட விடமாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் கத்தினாள். கடைசியில் ஜெயித்தாள். கிளெமென்ட் நகரத்துத் தகன மேடைக்குப் போனார். அதோடு இங்கே புதைப்பதையே அரசு நிறுத்திவிட்டது.

"இந்த ஊர்ல ஒரு பழைய பேச்சு உண்டு," என்றாள் மியூரியல், எல்லோரையும் கதவருகே நிறுத்தி. "கடைசியாப் புதைச்சவங்கதான் இந்தக் கதவுக்குக் காவல். அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நகரக் கூடாது. வந்ததும் வேலையை ஒப்படைச்சுட்டுத் தூங்கப் போகலாம்."

"பென்ஷன் உண்டா?" என்றார் ஒரு வழுக்கைத்தலைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கு முதல்ல அடுத்த ஆள் வரணுமே," என்றாள் மியூரியல். அவள் பார்வை எனிட்டின் தொப்பிமேல் வந்து நின்றது.

எனிட் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மற்றவர்கள் ஊர் மண்டபத்துக்கு டீ குடிக்கப் போனார்கள். மியூரியல் மட்டும் பின்தங்கினாள்.

"தொப்பி நல்லாயிருக்கு, எனிட்."

"அப்பவே... அப்பவே உனக்கு இது தெரியுமா?"

"குழி வெட்டுற ஆள் சொன்னார். அதனாலதான் பாதியில விட்டுக்கொடுத்தேன். நீ என்னமோ ஜெயிச்சதா நினைச்சே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!"

"சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். கதவை முகத்துல அறைஞ்சு சாத்தினே. அப்புறம் எனக்கும் மனசு இறுகிப்போச்சு." மியூரியல் கழுத்துத்துணியை இறுக்கிக்கொண்டாள். "டீ ஆறிடும். நான் வரேன்."

அவளுடைய காலடிச் சத்தம் சரளைக்கல் பாதையில் தேய்ந்து மறைந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் ஈர இலையும் விறகுப்புகையும் கலந்த வாடையோடு வயல்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து, ஒவ்வொரு கல்லறையாக விழுங்கிக்கொண்டே மகளுடைய சின்னக் கல்வரைக்கும் வந்துவிட்டது. எனிட் அந்தக் கல்லின் முன் நின்றாள். பெயரைப் பாசி மூடியிருந்தது. அதன் காலடியிலிருந்து கதவுவரை புல்லே இல்லாமல் ஓர் ஒற்றையடித் தடம். பெரியவர்கள் நடந்த தடமில்லை. ஒரு குழந்தையின் பாத அகலம்தான் இருந்தது.

டாம்சின் இருட்டுக்குப் பயப்படுவாள். விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள். அந்தப் பிள்ளையைத்தான் பெற்றவளே சண்டை போட்டு இங்கே நிறுத்திவைத்திருக்கிறாள்.

க்ளிக்.

கதவுப் பக்கம்.

எனிட் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

மஞ்சள் கம்பளிச் சட்டை. எனிட் பின்னிப் போட்டுப் புதைத்த சட்டை. நிறம் வெளுத்திருந்தது. உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. முதுகைக் காட்டி நின்று, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாம்சின்."

மெல்லத் திரும்பினாள். அதே முகம். கண் மட்டும் குழந்தையுடையது இல்லை. அந்தக் கண்ணில் அம்மாவை அடையாளம் தெரிந்த சுவடே இல்லை.

"இங்கேயே இருக்க வந்தீங்களா?" என்று பலமுறை கேட்டுச் சலித்த குரலில் கேட்டாள். "இல்ல, பார்த்துட்டுப் போக வந்தீங்களா?"

இருக்க வந்தேன் என்று சொல்லத்தான் எனிட் வாயைத் திறந்தாள். மூடிய மண். இனி யாருக்கும் இங்கே குழி வெட்டமாட்டார்கள். அவளுக்கும்தான். தூரத்தில் பேருந்து ஹாரன் அடித்தது.

"பார்த்துட்டுப்... போக."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

டாம்சின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். அவள் வலது கையில் விரல்கள் முதல் கணுவோடு தேய்ந்து முடிந்திருந்தன. அந்த மொட்டைக் கையால் கதவை அகலத் திறந்து, அம்மா வெளியே போவதற்காக, நன்கு வளர்த்த பிள்ளையைப் போல ஒதுங்கி நின்றாள்.