தோணிக்குள் மீன்கள்

ஆரையம்பதியில், வாவிக் கரையோரம் நிருஷாவின் வீடு. அவளுடைய அப்பா பிரதீஸுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அதனால் அவருடைய மரத்தோணி வெகு நாளாகக் கரையிலேயே கிடந்தது. மாரி மழை அதை விளிம்புவரை நிரப்பிவிட்டது.

ஒருநாள் சுகாதார அலுவலர் ஒருவர் வந்து, நீண்ட கைபிடி வைத்த வெள்ளை அகப்பையால் அந்தத் தண்ணீரை அள்ளிப் பார்த்தார்.

"மலேரியா பரப்புற நுளம்புட குடம்பி நெளியுது. வெள்ளிக்கிழமை திரும்பி வருவன். அதுக்குள்ள தண்ணிய இறைச்சு ஊத்துங்க."

"மலேரியாதான் இப்ப நம்மட நாட்டுல இல்லையே, மிஸ்?" என்றாள் நிருஷா.

"நோயோட ஒருத்தர் வெளியில இருந்து வரலாம். அவரக் கடிச்ச நுளம்பு நம்மளயும் கடிச்சா?"

அவர் போனதும் அப்பா தலையில் கைவைத்தார். "தண்ணிய ஊத்தினா வெயிலுக்குப் பலகை காஞ்சு வெடிச்சிரும். பிறகு எதுல தொழிலுக்குப் போற?"

"சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்ற?" என்றார் அம்மா.

இரண்டு பேர் சொல்வதும் சரிதானே! நிருஷா ஒரு கண்ணாடிப் போத்தலில் தோணித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் பிடித்தாள்.

குடம்பிகள் நீர்மட்டத்தோடு ஒட்டி, சின்னஞ்சிறு குச்சிகள்போலப் படுத்திருந்தன. அவள் நிழல் பட்டதும் விசுக்கென்று அடியில் மறைந்தன. காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழு ஒன்று மட்டும் அசையாமல் மேலே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகு பிளந்தது!

உள்ளிருந்து ஒரு நுளம்பு எழுந்தது. மயிரிழை போன்ற கால்களை ஒவ்வொன்றாக உருவியெடுத்தது. பிறகு, நனையாமல் தண்ணீர்மேல் நின்றது.

நிருஷா போத்தலைக் கண்ணருகே கொண்டுவந்தாள். "ஆ... என்ன வடிவு!"

நுளம்பு பறந்தது, வீட்டுப் பக்கமாக. உள்ளே தம்பி டிலக்சன் தூங்கிக்கொண்டிருந்தான். தோணி நிறைய இன்னும் எத்தனை இருக்கும்?

போத்தலை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், தெருமுனை வாய்க்காலில் கவிழ்த்தாள். மறுகணம் தண்ணீர் கொதிப்பதுபோலத் துள்ளியது. விரல்நுனியளவு கப்பி மீன்கள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, குடம்பிகளை லபக் லபக்கென்று விழுங்கின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நிருஷா கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் பறந்தாள்.

"அம்மா, மாவரிக்கிற அரிதட்டுத் தாங்க!"

"எதுக்குடி?"

"மீன் பிடிக்க!"

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். தோணி நிறையத் தண்ணீரைக் கண்டதும் முகம் சுளித்தார். அகப்பையை முக்கி எடுத்தார். குடம்பி இல்லை. மறுபக்கம் போய் அள்ளினார். அங்கேயும் இல்லை. மூன்றாம் முறை, அகப்பைக்குள் ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஊன்றுகோலில் சாய்ந்தபடி சிரித்தார். "வாவியில இறங்காமலே என்ட தோணி நிறைய மீன், மிஸ்! எல்லாம் மகள்ட வேலை."

அலுவலர் அந்தக் குட்டி மீனையே வியப்போடு பார்த்தார். அதை மெல்லத் தண்ணீரில் விட்டார்.

"நிருஷா, அடுத்த தெருவில ஒரு பாழ்கிணறு கிடக்கு. அதுக்கும் கொஞ்சம் மீன் பிடிச்சுத் தருவியா?"

பதில் சொல்ல நிருஷா அங்கே இல்லை. அரிதட்டோடும் வாளியோடும் வாய்க்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.