நின்றால் கொதிக்கும் வண்டி

வெள்ளிக்கிழமை, காலை 8.10.

ரோசி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பூட்டிய அறை என்றதும் உள்ளே பிணம் கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ரோசி உயிரோடுதான் இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ராயபுரத்தில் டயாலிசிஸ் படுக்கையில் அவள் படுக்காவிட்டால் அந்த உயிர் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. வழியில் வண்டி கொதித்து நின்றதால் புதன்கிழமை முறை ஏற்கெனவே தவறிவிட்டது. இரண்டு கால்களும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இதுவும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் போனிலேயே சாவியோவைக் கடிந்துகொண்டார்.

சாவியோ அவளுடைய ஒரே மகன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைப் பூட்டிக் கட்டும் வேலை. கதவைத் தட்டித் தட்டி அவன் கை சிவந்திருந்தது.

"வேணும்னா வேற வண்டி சொல்றேம்மா. கதவத் தொற."

"அதுவும் நிக்கும். நா ஏறுனா வண்டி நின்னுடுது. மூணு வாட்டி ஆயிடுச்சி. ஆண்டவரு போதும்னு சொல்றாரு. உங்களுக்குத்தான் புரியல."

இந்த நேரத்தில் சில்வியா வந்து சேர்ந்தாள். ரோசியின் தங்கை மகள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை. ஒரே இடத்தில் நிற்கத் தெரியாதவள். கதவுக்கும் ஜன்னலுக்குமாக நான்கு முறை நடந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பெரிம்மா, வண்டி ஏன் கொதிக்குதுன்னு நா கண்டுபுடிச்சிட்டா வருவியா?"

"ஆண்டவரு பண்ற வேலைய நீ எங்க கண்டுபுடிக்கப் போற?"

"ஆண்டவரு ரேடியேட்டர்லலாம் கைய வெக்க மாட்டாரு."

 "கண்டுபுடிச்சிகினு வா. அப்பறம் பேசலாம்" என்றாள் ரோசி.

காலை 8.25.

வாசலில் ஷாகுல் ஹமீதின் வெள்ளைக் கார் நின்றது. பதினைந்து வயதைத் தாண்டிய வண்டி. அக்டோபரிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று ரோசியைத் திருவொற்றியூரிலிருந்து ஏற்றிப் போகிறவர் அவர்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"எப்ப பாய் கொதிக்குது?"

"நின்னாதாம்மா. ஓடிகினு இருந்தா சூட்டு மீட்டர் முள்ளு பாதிலதான் கீது. கன்டெய்னர் லாரிங்க பின்னாடி மாட்டிகினு நின்னா பத்து நிமிசத்துல செவப்புக்குப் பூடுது. நவுந்தா தானா எறங்குது."

"மத்த சவாரில?"

"அதாம்மா பேஜாரு. செவ்வாக்கெழம கப்பல் கம்பெனி ஆபீசருங்கள ஏத்திகினு அதே எண்ணூர் ரோட்ல முக்கா மணி நேரம் நின்னேன். முள்ளு அசையல. அக்கா ஏறுனாத்தான்..."

 அவரும் பாதி நம்பிவிட்டார் என்பது சில்வியாவுக்குப் புரிந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"காலியா வரும்போது?"

"நா திரும்பறப்ப ரோடு காலி. எங்கியும் நிக்கறதில்ல."

"எப்பலேந்து இந்தத் தொல்லை?"

"டிசம்பர் மழைக்கு அப்பறம்."

சில்வியா வண்டியைச் சுற்றி வந்தாள். முன் விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே காய்ந்த சேறு ஒரு கோடு போட்டிருந்தது. பின் சீட்டில் தடித்த கம்பளி ஒன்றும் குல்லா ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியே இருந்தன.

"இது இன்னா கோடு?"

"சுரங்கப்பாதைத் தண்ணிம்மா. அன்னிக்கும் அக்கா உள்ள குந்திகினுதான் இருந்தாங்க. முட்டிக்கு மேல தண்ணி. சாவியோ எறங்கி முன்னாடி நடந்தான், நா பின்னாடியே ஓட்டினேன்."

"கம்பளி?"

"அக்காவுக்கு. எந்நேரமும் குளுருது அவங்களுக்கு. கண்ணாடிய எறக்குனா கரித்தூளு வந்து அப்பிக்கும். அப்டியே மூடிகினு போய்டுவோம்."

காலை 8.50.

இரண்டு தெரு தள்ளி தவ்ஃபீக்கின் மெக்கானிக் ஷெட். தகரக் கூரை. ஜனவரி மாதத்திலும் உள்ளே புழுங்கியது. தவ்ஃபீக் ஏதோ குற்றம் சாட்டப்பட்டவன்போல விறைப்பாகப் பேசினான்.

"மூடி மாத்திட்டேன். வால்வு மாத்திட்டேன். கூலன்ட் புச்சா ஊத்திட்டேன். ஒழுகல் ஒண்ணியும் கெடையாது. இன்னும் இன்னா பண்ணணும்?"

"ரேடியேட்டர் ஃபேன்?"

"ஓடுது. என் கண்ணால பாத்தேன். இதே எடத்துல முக்கா மணி நேரம் இன்ஜின ஓட வுட்டேன். முள்ளு பாதியத் தாண்டல. அந்தக்கா ஒடம்பு சரியில்லாம பயந்துகினு கீது, அவ்ளோதான்."

"அந்த முக்கா மணி நேரமும் நீங்க எங்க இருந்தீங்க?"

"வண்டி உள்ளதான். இந்தக் கொட்டாய்ல மன்சன் நிப்பானா? ஏசியப் போட்டுகினு மீட்டரப் பாத்துகினு இருந்தேன்."

அதுவரை ஷெட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்த சில்வியா நின்றாள். அன்று காலையில் முதல் முறையாக நின்றாள்.

வாசகரிடமும் இனி ஒளிக்க ஏதுமில்லை. எல்லாம் மேசைமேல் இருக்கிறது.

காலை 9.15.

"பாய், வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போடுங்க."

தவ்ஃபீக்கையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்குத் திரும்பியிருந்தார்கள். பானெட்டைத் தூக்கினார்கள். ஃபேன் சுற்றியது. தவ்ஃபீக், பார்த்தாயா என்பதுபோல சாவியோவைப் பார்த்தான்.

"இப்ப ஏசிய அணைங்க."

ஃபேன் நின்றது. அதில் அதிசயம் இல்லை. இன்ஜின் சூடானால் தானாகச் சுற்ற வேண்டும். நான்கு பேரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். எட்டு. சாவியோ மணியைப் பார்த்தான், மாடியில் அம்மாவின் அறை ஜன்னலைப் பார்த்தான், மறுபடியும் மணியைப் பார்த்தான். பதினோராவது நிமிடத்தில் முள் பாதியைத் தாண்டியது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. ஃபேன் அசையவில்லை.

"போதும், அணைங்க."

சில்வியா கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் அடிப்பக்கம் கையை விட்டாள். காய்ந்த சேறு அப்பிய ஒரு பிளக் வயரோடு வெளியே வந்தது. எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வண்டில ஃபேனுக்குக் கரன்ட் ரெண்டு வழியா வருது. ஏசி போட்டா ஒரு வழி. இன்ஜின் சூடேறுனா இன்னொரு வழி, அது இந்த பிளக். இதப் புடுங்கிட்டா ஏசி போட்டாத்தான் ஃபேன் ஓடும். ஆபீசருங்க ஏசி கேப்பாங்க. தவ்ஃபீக்கும் போட்டுகினாரு. பெரிம்மாவுக்குக் குளுருதுன்னு பாய் ஏசி பக்கமே கைய கொண்டு போறதில்ல. ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டர ஆத்திடுது. நின்னா அதுவும் இல்ல."

பிளக்கைத் துடைத்து மாட்டினாள். சாவி திருப்பியதும் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தவ்ஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யாரு புடுங்குனது?" என்றார் ஷாகுல் ஹமீது. கேட்ட மாத்திரத்தில் அவர் முகமே மாறிப்போனது.

மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்குவதற்கு முன் ஃபேன் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். சுற்றுகிற ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடித்தால் வண்டி நடுப்பள்ளத்தில் அணைந்துபோகும். கரையேறியதும் மாட்டிவிடுவார்கள்.

"நாந்தான்," என்றான் சாவியோ. "பாய் சொன்னாரு, எறங்கிக் கழட்டினேன். ஃபேன் பிளக்கு உள்ளாற இருந்திச்சி, கை போவல. கீழ இருந்தத இஸ்துட்டேன், ஃபேன் நின்னுச்சி. அம்மாக்கு நேரமாயிடுச்சின்னு மேல ஏறுனதும் ஆஸ்பத்திரில வீல்சேர் தேடி ஓடிட்டேன். பாய் மாட்டியிருப்பாருன்னு..."

"நீ மாட்டிட்டன்னு நா நெனச்சேன்," என்றார் ஷாகுல் ஹமீது. "அப்பறம் ஃபேன் ஓடுதுன்னு தவ்ஃபீக் சொன்னதும் அத்தோட வுட்டுட்டேன்."

சாவியோ அப்படியே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டான். பெற்ற தாயைக் கொல்லப் பார்த்திருக்கிறோம் என்ற நினைப்பு அவனை எழுந்திருக்க விடவில்லை.

காலை 9.50.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு முன் சில்வியா எல்லாவற்றையும் சொன்னாள். ஏசி, கம்பளி, பிளக் எல்லாம். கழற்றியது யார் என்ற இடம் வந்ததும் தயங்கினாள்.

"சொல்லு," என்றான் சாவியோ. பிறகு அவனே சொன்னான். "நாந்தாம்மா. அன்னிக்குத் தண்ணில எறங்கி நாந்தான் புடுங்குனேன். திரும்ப மாட்ல. வண்டி நின்னது உன்னால இல்ல, என்னால."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வீங்கிய கால்கள் மெல்ல நடந்து கதவருகே வருவது கேட்டது.

"அந்தச் சாக்கடைத் தண்ணில எவ்ளோ நேரம்டா நின்ன?"

"பத்து நிமிசம் இருக்கும்மா."

"மேன்ஹோல் தொறந்து கெடந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அவன் அழுதுகொண்டிருந்தான்.

"எனக்காவ நீ அதுல எறங்கினது எனக்குத் தெரியாது. ஏறுனதும் கம்பளிய இழுத்து மூஞ்ச மூடிகினேன்," என்றாள் ரோசி. "நா பாட்டுக்கு ஆண்டவரோட சண்ட போட்டுகினு இருந்தேன்."

தாழ்ப்பாள் விலகியது.

காலை 10.55.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் ஒன்று. ஏசி இல்லை, கண்ணாடிகள் மூடியிருந்தன. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வம்படியாகத் தவ்ஃபீக்கும் வந்து ஏறியிருந்தான். பத்து நிமிடம் ஆனது.  முள் பாதியை நெருங்கியது. சில்வியாவுக்கு இறங்கி நடக்க வேண்டும்போல் இருந்தது, இடமில்லை. முள் பாதியைத் தொட்டுக் கொஞ்சம் மேலே போனது. ஷாகுல் ஹமீதின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

முன்னால் ஃபேன் சீறியது. முள் இறங்கியது.

இருபத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றார்கள். ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

பகல் 11.50.

மருத்துவமனை வாசலில் நர்ஸ் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ரோசியை முறைத்தாள். "புதன்கிழமை வரல. போன் பண்ணா இனிமே வேணாம், பேர அடிச்சிடுன்னு சொன்னீங்க. திங்கக்கிழமை பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துடவா?"

சாவியோ அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பேரை அடிக்கச் சொன்னது அவனுக்குத் தெரியாது.

ரோசி குனிந்து அந்த நோட்டில் தன் பெயரைத் தேடினாள். பெயரை அடித்துப் போட்டிருந்த கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"திரும்ப எழுதும்மா," என்றாள். "திங்கக்கெழம வருவேன்."